இரசாயனப் பதிவு: கொப்பியா, கணினியா?

கல்முனையில் ஐஸ் தொழிற்சாலை நடத்துபவரிடம் குளிரூட்டப் பயன்படும் அமோனியா இருக்கும். அம்பாறையில் நெல் களஞ்சியம் வைத்திருப்பவரிடம் வண்டுக்குப் புகையூட்டும் அலுமினியம் பொஸ்பைட்டு மாத்திரைகள் இருக்கலாம். என்ன இருக்கிறது, எவ்வளவு, எங்கே, யார் கையாண்டார் என்று எழுதிவைப்பது முதலாளியின் பொறுப்பு. எதில் எழுதுவது?

கொப்பியின் பலம் விபத்து நேரத்தில்தான் தெரியும். அமோனியா கசியும் வேளையில் மின்சாரம் இல்லாமல் போகலாம். கணினியின் கடவுச்சொல் தெரிந்தவர் வீட்டில் இருக்கலாம். வாசலருகே தொங்கும் கொப்பியையும், இரசாயனத்தின் ஆபத்தையும் முதலுதவியையும் சொல்லும் 16 பகுதிகள் கொண்ட பாதுகாப்புத் தரவுத்தாளையும் யாரும் எடுத்துக்கொண்டு வெளியே ஓடலாம். முதலுதவிப் பகுதியாவது தமிழில் இருக்கட்டும்; வேலையாளுக்கு வாசிக்கத் தெரியாத தாள் அவரைக் காப்பாற்றாது.

ஆனால் காகிதம் தண்ணீருக்குத் தோற்றுவிடும். 2011 ஜனவரி வெள்ளத்தை மட்டக்களப்பில் யாரும் மறக்கவில்லை. சில நோய்கள் பல ஆண்டுகள் கழித்தே தலைகாட்டும் என்பதால், வேலையாட்கள் எந்த இரசாயனத்துக்கு எவ்வளவு ஆளானார்கள் என்ற பதிவுகளைக் குறைந்தது 30 ஆண்டுகள் பேண வேண்டும் என்கிறது அமெரிக்க விதி. அத்தனை காலம் கரையானுக்குத் தப்பும் கொப்பியை நான் கண்டதில்லை. வேறோர் இடத்தில் பிரதி இருந்தால் கணினிப் பதிவு தப்பும்.

ஒன்றுதான் முடியும் என்றால், சிறிய தொழிலிடத்துக்குக் கொப்பியையே சொல்வேன். மாத இறுதியில் பக்கங்களைக் கைபேசியில் படமெடுத்து வெளியிடத்தில் சேமிக்கலாம். வேலையாட்களின் பெயருள்ள பக்கங்களை முதலில்.