கார் பாலிசியோடு வரும் ரோட்சைடு அசிஸ்டன்ஸ்: வண்டிக்காரருக்கு நாலு ஸ்டார், கால் சென்டருக்கு ஒன்று

கார் இன்சூரன்ஸை ஆன்லைனில் புதுப்பிக்கும்போது ‘ரோட்சைடு அசிஸ்டன்ஸ்’ (வழியில் கார் நின்றுவிட்டால் ஆள் அனுப்பும் உதவி) என்ற கட்டம் பல தளங்களில் டிக் போட்டபடியே வந்து நிற்கும். சில நூறு ரூபாய், அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆயிரக்கணக்கில் பிரீமியம் கட்டுகிற இடத்தில் இதை யாரும் நின்று பார்ப்பதில்லை. இந்த விமர்சனம் அந்த ஆட்-ஆனை, அதாவது பாலிசியோடு கூடுதலாக வாங்கும் சேவையைப் பற்றியது. கம்பெனி பெயரைச் சொல்லிப் பயனில்லை. பாலிசி விற்பவர் ஒருவர், போனை எடுப்பவர் இன்னொருவர், வண்டி அனுப்புபவர் மூன்றாமவர். நடுவில் இருக்கும் உதவி நிறுவனங்கள் சிலவே. அவையே பல இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கும் கார் தயாரிப்பாளர்களுக்கும் சேர்த்து வேலை பார்க்கின்றன. அடுத்த வருஷம் கம்பெனியை மாற்றினாலும் நடுராத்திரியில் போனை எடுப்பது அதே கால் சென்டராக இருக்கலாம்.

ஸ்பாட்டுக்கு வருகிற ஆட்கள் மேல் பெரிய குறை சொல்ல முடியாது. நின்றுபோன காரை எடுத்துப் போகும் ரெக்கவரி வண்டி ஓட்டுபவர்கள் தொழில் தெரிந்தவர்கள், உள்ளூர் வழியும் தெரிந்தவர்கள். எரிச்சல் முழுவதும் டோல்-ஃப்ரீ நம்பரை அழுத்தியதிலிருந்து அந்த டிரைவரின் குரல் காதில் விழும் வரைக்கும்தான்.

முதலில் ஐவிஆர், அதாவது ‘இதற்கு ஒன்றை அழுத்தவும்’ என்று சொல்லும் பதிவுக் குரல். மொழி, புது பாலிசியா, கிளெய்மா என்று நாலைந்து அடுக்கு தாண்டித்தான் ‘வண்டி நின்றுவிட்டது’ என்ற பிரிவே வரும். ஆள் கிடைத்ததும் பாலிசி எண், வண்டி எண், பதிவு செய்த மொபைல் எண். காரின் சொந்தக்காரர் ஊரில் இருக்க, மகன் ஓட்டிக்கொண்டு போயிருந்தால் இங்கேயே ஒரு சிக்கல்: ஓடிபி அப்பாவின் போனுக்குப் போகும், அவர் தூங்கிக்கொண்டிருப்பார். பிறகு இடம். அச்சிறுபாக்கம் தாண்டி, மேல்மருவத்தூருக்கு முன்னால், சென்னை வருகிற பக்கம் என்று சொன்னால் தமிழ்நாட்டில் யாருக்கும் புரியும். வடக்கே எங்கோ உட்கார்ந்திருப்பவருக்குப் புரியாது. “சார், பின்கோடு சொல்லுங்க, பக்கத்துல லேண்ட்மார்க் சொல்லுங்க” என்பார். நெடுஞ்சாலையில் இருட்டில் நிற்பவருக்குப் பின்கோடு எப்படித் தெரியும்? லொகேஷன் லிங்க் எஸ்எம்எஸ்ஸில் வரும். நெட் கிடைத்தால் திறக்கும். அப்படியும் அந்த லொகேஷன் டிரைவர் கைக்குப் போகாமல், அவர் மறுபடி போன் போட்டு “எங்கண்ணா நிக்குறீங்க?” என்று முதலிலிருந்து கேட்பது சகஜம்.

இதற்கு ஒரு வழி உண்டு. கூகுள் மேப்பில் நிற்கும் இடத்தை அழுத்திப் பிடித்தால் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் வரும். அந்த எண்களை எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். மேப் வேலை செய்யாவிட்டால் கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள். மேல்பக்கம் மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. கல்லில் உள்ள எண், எந்த ஊரை நோக்கிப் போகும் பக்கம், கடைசியாகத் தாண்டிய டோல்கேட் ஆகிய மூன்றும் போதும். எந்தப் பக்கம் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். நடுவில் தடுப்பு உள்ள சாலையில் எதிர்ப்பக்கம் வந்த வண்டி அடுத்த திருப்பம் வரை போய்ச் சுற்றி வர வேண்டியிருக்கும்.

அடுத்தது அந்தப் புகழ்பெற்ற ‘45 நிமிஷம்’. பல நேரங்களில் இது வண்டி கிளம்பியதிலிருந்து எண்ணும் நேரமே அல்ல. ‘வெண்டர் அசைன்’ என்ற எஸ்எம்எஸ் வந்தாலும், அந்த வெண்டர், அதாவது ரெக்கவரி வண்டிக்காரர், ஒப்புக்கொண்டாரா என்பது தனிக் கதை. உதவி நிறுவனம் ரெக்கவரி வண்டிக்காரருக்குத் தருவது முன்கூட்டியே பேசிய ரேட். அதுவும் பில் போட்டுப் பிறகு வரும் பணம். அதே நேரத்தில் கையில் காசு தரும் தனி சவாரி வந்தால் அவர் எதை எடுப்பார் என்று யோசித்துப் பாருங்கள். பொங்கல், தீபாவளிக்கு ஊர் திரும்பும் ராத்திரிகளில் இது இன்னும் மோசம். முதல் வெண்டர் மறுத்ததும் அடுத்தவரைத் தேடுவார்கள், கணக்கு மறுபடி 45-இலிருந்து ஆரம்பிக்கும். கால் சென்டர்க்காரர் பொய் சொல்கிறார் என்பதில்லை. அவர் திரையில் தெரிவதைப் படிக்கிறார்; வண்டியைக் கிளப்பும் அதிகாரம் அவர் கையில் கிடையாது.

ஆகவே அவரிடம் ‘எப்போ வரும்?’ என்று கேட்டு நேரத்தைக் கழிக்காதீர்கள். கேட்க வேண்டியது: கேஸ் எண், டிரைவரின் போன் எண், வண்டி இப்போது எந்த ஊரில் இருக்கிறது, ஃபிளாட்பெட்டா இல்லையா. டிரைவரிடம் நேரடியாகப் பேசிவிட்டால் பாதி வேலை முடிந்தது. தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை அந்த நேரத்தில் தவறவிடாதீர்கள். ஒருமுறை எடுக்காமல் போனால் ‘வாடிக்கையாளர் தொடர்பில் இல்லை’ என்று கேஸை மூடிவிடுவதும், மறுபடி புதுக் கேஸ் திறக்கச் சொல்வதும் நடக்கிறது. சார்ஜ் தீர்ந்துபோன போன் என்றால் கூட வந்திருப்பவர் எண்ணையும் சேர்த்துப் பதியச் சொல்லுங்கள்.

எந்த வண்டி வருகிறது என்பது இந்தச் சேவையில் யாருமே ஒழுங்காகக் கேட்காத, ஆனால் அதிகச் செலவு வைக்கக்கூடிய விஷயம். முன் சக்கரத்தை மட்டும் தூக்கி, பின் சக்கரம் உருள இழுத்துப் போகும் வண்டி ஒரு வகை. மொத்தக் காரையும் மேலே ஏற்றிக்கொள்ளும் ஃபிளாட்பெட் இன்னொரு வகை. முன்சக்கரம் இழுக்கும் மேனுவல் கியர் காருக்கு முதல் வகை போதும், ஹேண்ட்பிரேக் விடுபட்டிருந்தால் சரி. ஆட்டோமேட்டிக் காரில் கியர்பாக்ஸ் ஆயிலைச் சுற்றவைக்கும் பம்ப் இன்ஜினோடு சேர்ந்துதான் ஓடும். இன்ஜின் நின்றிருக்க, இழுக்கும் சக்கரம் தரையில் உருண்டால் உள்ளே எண்ணெய் சுற்றாமல் தேய்ந்து போகும். எலக்ட்ரிக் காரில் சக்கரம் உருண்டால் மோட்டாரும் சேர்ந்து சுற்றி மின்சாரம் உண்டாக்கும். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியில் இரண்டைத் தூக்கி இரண்டை உருட்டினால், முன்னுக்கும் பின்னுக்கும் இன்ஜின் சக்தியைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் பழுதாகும். இந்த மூன்றுக்கும் ஃபிளாட்பெட்தான். கால் சென்டரில் மாடல் பெயரை மட்டும் பதிவார்கள். அதே மாடலில் மேனுவலும் உண்டு, ஆட்டோமேட்டிக்கும் உண்டு. ‘ஆட்டோமேட்டிக், ஃபிளாட்பெட் வேண்டும்’ என்று நீங்களே சொல்லி, அதைக் கேஸில் எழுதச் சொல்லுங்கள். தவறான வண்டி வந்தால் ஏற்றச் சம்மதிக்காதீர்கள். கியர்பாக்ஸ் போனால் அந்தச் செலவு உங்கள் தலையில்தான்.

பேட்டரி முழுக்க இறங்கிய ஆட்டோமேட்டிக் கார் ‘பி’-யிலேயே (பார்க்) பூட்டிக்கொண்டு நிற்கும். பல மாடல்களில் கியர் லீவர் பக்கத்தில் விரல்நகம் அளவுக்கு ஒரு மூடி இருக்கும். அதை நெம்பி எடுத்து, உள்ளே சின்ன ஸ்க்ரூடிரைவரால் அழுத்தியபடி, பிரேக்கை மிதித்துக்கொண்டு லீவரை ‘என்’-க்கு (நியூட்ரல்) நகர்த்தலாம். எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் என்றால் அதுவும் வேலைக்காகாது. பூஸ்டர் (கையில் கொண்டுவரும் பேட்டரி) வைத்துக் கரண்ட் கொடுத்த பிறகே பிரேக் விடும். இதை முன்னாலேயே சொன்னால் டிரைவர் பூஸ்டரோடு வருவார். சொல்லாவிட்டால் வந்து பார்த்துவிட்டு, பூட்டிய சக்கரத்தை வண்டியில் உள்ள வின்ச் கயிற்றால் தரதரவென்று இழுத்து ஏற்றப் பார்ப்பார். அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் நிற்கும் காரா? ஃபிளாட்பெட் உள்ளே இறங்காது. அதையும் முதல் போனிலேயே சொல்ல வேண்டும். தரைமட்டத்துக்குக் கொண்டுவருவது உங்கள் பொறுப்பு என்று பாலிசி சொல்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்றும்போது நாலு பக்கமும், ஓடோமீட்டரும், பெட்ரோல் முள்ளும் தெரிய போட்டோ எடுங்கள். பெல்ட்டைச் சக்கரத்தில் கட்டச் சொல்லுங்கள். பம்பரிலோ சஸ்பென்ஷன் ஆர்மிலோ சங்கிலி போட விடாதீர்கள். கண்ணாடியில் இருக்கும் ஃபாஸ்டேக்கை அலுமினியம் ஃபாயிலால் மூடிவிடுங்கள். மேலே ஏறிப் போகும் காரின் ஃபாஸ்டேக்கையும் டோல்கேட் ஸ்கேனர் படித்துப் பணம் பிடித்துவிட வாய்ப்பு உண்டு. சில நிறுவனங்களில் வேலை முடிந்ததற்கு ஓடிபி கேட்பார்கள். காரை இறக்கி, சுற்றிப் பார்த்த பிறகு கொடுங்கள். ஓடிபி கொடுத்த நொடியே கேஸ் மூடிவிடும். அதன்பின் கீறலைக் காட்டி வாதாடுவது கஷ்டம். இன்னொன்று, ராத்திரியில் சர்வீஸ் சென்டர் பூட்டியிருக்கும், வாட்ச்மேன் வாங்கமாட்டார். கார் விடியும்வரை எங்கே நிற்கும், அதற்குத் தனி வாடகை உண்டா என்பதை ஏற்றுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

சின்னச் சின்ன உதவிகளில் இந்தச் சேவை பரவாயில்லை ரகம். பஞ்சர் என்றால் ஸ்டெப்னி மாட்டித் தருவார்கள், பஞ்சர் ஒட்டுவதற்குக் காசு தனி. ஸ்டெப்னியிலேயே காற்று இல்லை என்றால் அது டோயிங் (காரை எடுத்துப் போகும்) கேஸாக மாறிவிடும். அலாய் வீலுக்கு லாக் நட் போட்டவர்கள் அதன் சாவியை டூல் கிட்டில் வைத்திருக்காவிட்டால் யார் வந்தும் பயனில்லை. பெட்ரோல் தீர்ந்தால் சில லிட்டர் கொண்டுவருவார்கள், எரிபொருள் விலை உங்களுடையது. பேட்டரி டவுன் என்றால் ஜம்ப் ஸ்டார்ட் செய்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். கிளம்புமுன் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்கிறது. 12 சொச்சத்திலேயே நின்றால் பேட்டரியில் இருப்பது தீர்ந்ததும் கார் மறுபடி நின்றுவிடும். அப்போது போன் செய்தால் அது இரண்டாவது கேஸ். வருஷத்துக்கு இத்தனை முறைதான் என்ற உச்சவரம்பு உள்ள பாலிசியில் அது உங்கள் கணக்கில்தான் கழியும்.

இலவச டோயிங் தூரத்தில் பாலிசிக்குப் பாலிசி வித்தியாசம். 50 கிலோமீட்டர் என்று போட்டிருந்தால் அது ஒரு வழியா, வெண்டர் கிளம்பிய இடத்திலிருந்து போக வர இரண்டுமா என்று வாசகத்தைப் படியுங்கள். இரண்டும் சேர்த்தே என்றால் கையில் கிடைப்பது 25 கிலோமீட்டருக்கு மேல் இருக்காது. மிச்சத்துக்குக் கிலோமீட்டர் ரேட் எவ்வளவு என்பதை ஏற்றுமுன் எஸ்எம்எஸ்ஸிலோ வாட்ஸப்பிலோ வாங்கிக்கொள்ளுங்கள். பல பாலிசிகளில் விபத்தும் வெள்ளத்தில் மூழ்கியதும் பழுதுக் கணக்கில் வருவதில்லை. அவை ஓன் டேமேஜ் (சொந்தக் காரின் சேதத்துக்கான) கிளெய்ம் வழியாகப் போகும்.

மலைப்பாதையில் இந்தச் சேவையை நம்பிப் போகாதீர்கள். 70 கொண்டை ஊசி வளைவுள்ள கொல்லிமலைக்கும், ஆழியாரிலிருந்து 40 வளைவு ஏறும் வால்பாறைக்கும் நீள ஃபிளாட்பெட் அனுப்ப வெண்டர்கள் தயங்குவார்கள். 27 வளைவுள்ள திம்பத்தில் ராத்திரிப் போக்குவரத்துத் தடை வேறு. இப்படிப்பட்ட இடங்களில் கடைசியில் வரும் பதில் ஒன்றுதான்: ‘நீங்களே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், பணத்தைத் திருப்பித் தருகிறோம்.’ வாய்வார்த்தையில் விடாதீர்கள். கேஸ் எண்ணோடு, எவ்வளவு ரூபாய் வரை என்று எழுத்தில் வந்தால்தான் பணம் வரும். ஜிஎஸ்டி பில் கேட்பார்கள். சேவைத் தொழிலில் ஆண்டு டர்ன்ஓவர் 20 லட்சத்துக்குள் இருப்பவருக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை, உள்ளூர் கிரேன்காரரிடம் அது பெரும்பாலும் இருக்காது. வண்டி எண், தேதி, எங்கிருந்து எங்கே, தொகை எல்லாம் எழுதிய ரசீதும், யுபிஐயில் அனுப்பிய ஆதாரமும் வாங்கி வைத்துக்கொண்டு, பதிவில்லாதவர் பில் என்று குறிப்பிட்டு அனுப்புங்கள்.

தேசிய நெடுஞ்சாலையில் என்றால் கால் சென்டரோடு சேர்த்து 1033-க்கும் அடியுங்கள். நெடுஞ்சாலை ஆணையத்தின் 24 மணி நேர எண், பாலிசி எதுவும் தேவையில்லை. ரோந்து வண்டியும் கிரேனும் அங்கிருந்துதான் வரும். அந்த கிரேன் வழியை மறித்து நிற்கும் காரை ஓரமாகப் பாதுகாப்பான இடத்துக்கு எடுக்கத்தான், வொர்க்‌ஷாப் வரை கொண்டுபோக அல்ல. அதுவே பெரிய உதவி. வண்டி வரும்வரை ஹசார்ட் விளக்கும் பின்னால் முக்கோணமும் போட்டுவிட்டு, காருக்குள் உட்காராமல் தடுப்புக்கு வெளியே நில்லுங்கள்.

புகார் கொடுப்பதானால் கால் சென்டரிலேயே மேலாளரைக் கேட்டுச் சண்டை போடுவது வீண். இன்சூரன்ஸ் கம்பெனியின் குறைதீர்ப்பு அலுவலருக்கு மின்னஞ்சல் போடுங்கள்: எத்தனை மணிக்கு அழைத்தது, கேஸ் எண், சொன்ன நேரம், வந்த நேரம், செலவு, ஸ்க்ரீன்ஷாட். ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றாலோ, பதில் சரியில்லை என்றாலோ சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மனிடம் (இன்சூரன்ஸ் புகார்களைத் தீர்க்கும் அதிகாரி) போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் ‘பீமா பரோசா’ தளத்திலும் பதியலாம். ஆனால் இன்சூரன்ஸோடு சேராமல் தனியாக வாங்கிய மெம்பர்ஷிப் கார்டோ, கார் கம்பெனி தரும் அசிஸ்டன்ஸோ இந்த வழியில் வராது. அதற்கு 1915 நுகர்வோர் உதவி எண், அதற்கு மேல் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையம்.

வாரன்டியில் இருக்கும் புதுக் காருக்கு பெரும்பாலும் உற்பத்தியாளரே இதே சேவையைத் தந்திருப்பார். இரண்டாவது தடவை காசு கட்டாதீர்கள், டிக்கை எடுத்துவிடுங்கள். ஊருக்குள்ளேயே ஓடும் பழைய மேனுவல் காருக்கும் தேவையில்லை, தெரு முனை மெக்கானிக் இதைவிடச் சீக்கிரம் வருவார். ஆட்டோமேட்டிக்கோ எலக்ட்ரிக்கோ வைத்துக்கொண்டு ராத்திரியில் திருச்சி, மதுரை என்று போகிறவர்கள் மட்டும் வாங்கலாம். ஒரு தடவை ஃபிளாட்பெட் கூப்பிட்டாலே கட்டிய காசுக்கு மேல் வந்துவிடும். கூடவே வழக்கமாகப் போகும் வழியில் திண்டிவனம், விழுப்புரம், பெரம்பலூர் பக்கம் ரெக்கவரி வண்டி வைத்திருப்பவர் ஒருவரின் எண்ணையாவது போனில் போட்டு வையுங்கள்.