ஹேஷ்கேட்: பாஸ்வேர்டில் பாதியாவது ஞாபகம் இருக்கிறதா?

விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கரைப் போட்டு, பாஸ்வேர்டை மறந்துவிட்ட எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு கிருஷ்ணகிரியில் ஒரு சர்வீஸ் கடைக்குப் போனால் பெரும்பாலும் வரும் பதில், "ஃபார்மேட் போட்டுக்கலாம் சார்." டிஸ்க் மிஞ்சும், உள்ளே இருக்கும் மாங்கூழ் கம்பெனியின் மூன்று வருஷக் கணக்கு போய்விடும். அதற்கு முன் பார்க்க வேண்டிய இலவச மென்பொருள் ஹேஷ்கேட். இது பூட்டை உடைக்காது, நாம் சொல்லும் சாத்தியங்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும், அவ்வளவுதான்.

அதையும் தொடுமுன், பாஸ்வேர்டு இல்லாமலே டிஸ்க்கைத் திறக்கும் 48 இலக்க ரெகவரி கீயைத் தேடுங்கள். பிட்லாக்கர் போடும்போது அதைச் சேமிக்காமல் விண்டோஸ் விடாது. மைக்ரோசாஃப்ட் கணக்கு, பழைய கம்ப்யூட்டரின் டாக்குமென்ட்ஸ், பில் ஃபைலுக்குள் சொருகிய பிரின்ட் என எங்காவது இருக்கும். ஆறு ஆறாக எட்டுத் தொகுதி. ஒவ்வொன்றும் 11-ஆல் மீதியின்றி வகுபடும். பிரின்ட்டில் 41527-க்கு அடுத்த இலக்கம் அழிந்திருந்தால் அது 2 மட்டுமே. லேப்டாப்பின் உள் டிஸ்க் கம்ப்யூட்டருக்குள்ளேயே சாவியைக் காக்கும் டிபிஎம் சிப்பால் மட்டும் பூட்டப்பட்டிருந்தால் இந்தக் கீதான் வழி. கண்டுபிடிக்க அங்கே பாஸ்வேர்டே கிடையாது.

கீ இல்லை என்றால், ஜான் த ரிப்பர் என்ற இன்னொரு பாஸ்வேர்டு தேடும் மென்பொருளோடு வரும் பிட்லாக்கர்-டு-ஜான் கருவியால் டிஸ்க்கிலிருந்து ஹேஷ் வரியை, அதாவது யூகம் சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்க உதவும் குறியீட்டு வரியை, எடுக்க வேண்டும். நான்கு வரிகள் வரலாம். தொடக்கத்தில் பிட்லாக்கர் என்ற சொல்லை அடுத்து 2, 3 என்ற எண் உள்ளவை ரெகவரி கீக்கானவை, விட்டுவிடுங்கள். 1 என்ற எண் உள்ள வரிதான் வேண்டும். 0-வில் தவறான பாஸ்வேர்டும் சரி என்று வந்துவிடும். ஹேஷ்கேட்டில் இதற்கான மோட் எண் 22100.

இனி வேகம். ஒரு யூகத்தைச் சரிபார்க்க 10,48,576 முறை ஷா-256 என்ற கணக்கு ஓட வேண்டும் என்று வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். அதனால் கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் தொடங்கவே வேண்டாம். நொடிக்கு 1000 யூகம் ஓடும் கேமிங் கம்ப்யூட்டர் என்று வைத்துக்கொள்வோம். எட்டுச் சின்ன எழுத்துகளை எதுவும் தெரியாமல் முயன்றால் ஆறரை வருஷத்துக்கு மேல் ஆகும். அதே கம்ப்யூட்டருக்கு, "வண்டி நம்பரை வைத்தேன், எந்த வண்டி என்று தெரியவில்லை" என்ற ஞாபகம் போதும். கிருஷ்ணகிரி வண்டிகளின் டிஎன்24, பின் இரண்டு பெரிய எழுத்து, நான்கு இலக்கம் என்று மாஸ்க் (எந்த இடத்தில் எந்த வகை எழுத்து என்ற அச்சு) போட்டால் 67.6 லட்சம் யூகம், இரண்டு மணி நேரத்துக்குள் முடியும். தர்மபுரியின் 29, ஓசூரின் 70 இரண்டையும் சேர்த்தாலும் ஆறு மணி நேரம் தாண்டாது.

பேரும் நம்பரும் கலந்தது என்றால் தாக்குதல் முறை 6: நாமே எழுதிய சொல்பட்டியல், பின்னால் மாஸ்க். நெட்டில் கிடைக்கும் பெரிய பட்டியல்கள் நம் ஊர்ப் பேர்களுக்கு அவ்வளவாக உதவாது. லட்சுமியை ஆங்கிலத்தில் எழுத ஒருவர் எக்ஸ் போடுவார், ஒருவர் கேஎஸ்எச், இன்னொருவர் டிசிஎச். அத்தனையையும் கையால் எழுத வேண்டும். சோம்பல் பட்டால் சரியான சொல் பட்டியலில் இல்லாமலே ராத்திரி முழுக்க ஓடும். 40 சொல், முதலெழுத்து பெரிது அல்லது சிறிது, இடையில் அட் குறி உண்டு அல்லது இல்லை, கடைசியில் நான்கு இலக்கம்: மொத்தம் 16 லட்சம், அரை மணி நேரம்கூட ஆகாது. 635001 என்ற பின்கோடு, 04343 என்ற எஸ்டிடி கோடு போன்ற உள்ளூர் எண்களையும் தனியாகச் சேருங்கள்.

குறைகள்: கட்டளை வரியில்தான் எல்லாம். டிரைவர் சரியில்லை என்றால் கார்டையே காணோம் என்று நின்றுவிடும். கார்டு 90 டிகிரியைத் தொட்டால் தானே நிறுத்திக்கொள்ளும், சித்திரை வெயிலில் மூடிய அறையில் இது நடக்கும். கரண்ட் போனால் விட்ட இடத்திலிருந்து தொடர, ஓட்டும்போதே செஷன் பெயர் கொடுத்திருந்தால் நல்லது.

சொந்தமாகக் கார்டு இல்லாதவர்கள் கேமிங் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் கடைக்கு டிஸ்க்கைக் கொடுக்க வேண்டாம்; அந்த ஒரு வரி ஹேஷும் சொல்பட்டியலும் போதும். பாஸ்வேர்டு அவர்களுக்குத் தெரிந்தாலும் கணக்கு உங்கள் கையில்தான். ஒருமுறை கண்டுபிடித்ததை ஹேஷ்கேட் பாட்ஃபைல் என்ற தன் கோப்பில் எழுதிவைக்கும். திரும்ப ஓட்டினால் தேடாமல் உடனே நின்றுவிடும். பதறாமல் ஷோ கட்டளை கொடுத்துப் பாருங்கள்.