கேம்பர் வேனில் தனியாக, கருங்காட்டுச் சிற்றூர்களின் கார்னிவலுக்கு: நான்கு வருட அனுபவம்

கோடையில் சுற்றுவதற்காகத்தான், உள்ளேயே தங்கித் தூங்கக்கூடிய கேம்பர் வேன் வாங்கினேன். ஆனால் நான்கு வருடமாக அது எனக்கு அதிகம் பயன்படுவது கார்னிவல் வாரத்தில்தான். தென்மேற்கு ஜெர்மனியின் கருங்காட்டுப் பக்கச் சிற்றூர்களில் ஃபாஸ்ட்நாக்ட் (ஈஸ்டர் நோன்புக்கு முன் வரும் கார்னிவலின் அந்த வட்டாரப் பெயர்) ஊர்வலங்கள் நடக்கும் அந்த நாட்களில் தனியாகக் கிளம்பிவிடுவேன்.

வேன் எதற்கு என்று கேட்டால் ரோட்வைல் என்ற ஊரைத்தான் சொல்வேன். அங்கே திங்களன்று காலை 8 மணிக்குக் கருப்பு வாயில் என்ற பழைய கோபுரத்தின் கீழிருந்து முகமூடிக்காரர்கள் துள்ளியபடி இறங்கி வருவார்கள். வெளியூரிலிருந்து அந்த நேரத்துக்கு வந்து சேர நடுராத்திரியில் எழ வேண்டும். நான் ஊர் எல்லையில் தூங்கி எழுந்து, காபி குடித்துவிட்டு நடந்தே போகிறேன். விடியாத இருட்டில், உடம்பெல்லாம் மணி கட்டியவர்கள் சந்துகளிலிருந்து வரும் சத்தம் முதலில் கேட்கும். ஆள் பிறகுதான் தெரிவார். எனக்கு ஊர்வலத்தைவிட அந்த அரை மணி நேரம் பிடிக்கும்.

முகமூடிகள் மரத்தில் செதுக்கியவை. நீண்ட கம்பை ஊன்றித் தாவும் ஃபெடராஹன்னெஸ் என்பவரைப் பார்க்கவே கூட்டம் முண்டும். சிலர் கையில் படம் வரைந்த புத்தகம் இருக்கும். ஊர்க்காரர் ஒருவர் முன் நின்று, போன வருடம் அவருக்கு நேர்ந்த அசட்டுத்தனங்களை அதிலிருந்து சொல்லிக் காட்டுவார்கள். வட்டார வழக்கு எனக்குப் பாதிதான் புரியும். ஒருமுறை பக்கத்திலிருந்த பாட்டி முழுவதையும் எளிய ஜெர்மனில் எனக்கு விளக்கினார். கூட்டாளிகளோடு போயிருந்தால் அவர் என்னிடம் பேசியிருக்கவே மாட்டார்.

எல்ட்சாக் என்ற ஊரிலும் அப்படித்தான். சிவப்பு உடையும் நத்தை ஓடு பதித்த தொப்பியுமாக வரும் ஷுட்டிக்குகள் என்ற முகமூடிக்காரர்கள், ஊதிய பன்றிச் சிறுநீர்ப்பையால் மொத்துவார்கள். வலிக்காது. தனியாக நிற்பவரைத் தேடி வருவார்கள், சேர்ந்து சிரிப்பீர்கள். இந்த வட்டார ஊர்வலங்களில் "நார்ரி" என்று குரல் வந்தால் "நார்ரோ" என்று கத்த வேண்டும். நம் காதுக்கு நரி என்றே கேட்பதால் மறக்காது.

சரி, குளிர் விஷயம். வேனின் வெந்நீர்க் கலனில் உறைபாதுகாப்பு வால்வு ஒன்று இருக்கும். வெப்பம் சுமார் 3 டிகிரிக்குக் கீழே போனால் தானே திறந்து தண்ணீரை வெளியே விட்டுவிடும். முதல் வருடம் ஹீட்டரை அணைத்துவிட்டு நாள் முழுக்க ஊர்வலத்தில் நின்றேன். திரும்பி வந்தபோது வேனுக்கடியில் பனிக்கட்டி, கலன் காலி. இப்போது வெளியே போகும்போதும் ஹீட்டரைக் குறைந்த அளவில் ஓட விடுகிறேன். ஹீட்டருக்கான கேஸ் புரோப்பேனாகவே இருக்கட்டும். வெப்பம் பூஜ்ஜியத்தை நெருங்கினாலே பியூட்டேன் ஆவியாகாது. எனக்கு 11 கிலோ சிலிண்டர் ஏறக்குறைய நான்கு நாள் வருகிறது. லித்தியம் பேட்டரி என்றால் அதை வேனின் உட்புறம் வைக்க வேண்டும். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் கெட்டுவிடும். சோலார் பேனலை இந்தப் பருவத்தில் நம்பாதீர்கள்.

தேதி ஈஸ்டரைப் பொறுத்து நகரும். ஊர்வலத் திங்கட்கிழமை 2024-ல் பிப்ரவரி 12, 2025-ல் மார்ச் 3. மூன்று வாரம் தள்ளிப்போனாலே இரவுக் குளிர் நன்றாகக் குறையும்.

நிறுத்துமிடத்துக்கு சனிக்கிழமையே போய்விடுங்கள். ஊர்வலப் பாதைகளைச் சீக்கிரம் அடைத்துவிடுவார்கள், அங்கே நின்ற வண்டியை இழுத்துப் போவார்கள். ஊருக்கு வெளியே நிறுத்தி இருபது நிமிடம் நடப்பதே மேல். குடித்தால் மறுநாள் மதியம் வரை சாவியைத் தொடுவதில்லை என்று வைத்திருக்கிறேன்.

அப்புறம் ஷ்ராம்பெர்க் என்ற ஊர். அதே திங்கள் பிற்பகலில், அலங்கரித்த மரத்தொட்டிகளில் ஷில்டாக் ஆற்றில் மிதந்து போவார்கள். பாதிப் பேர் கவிழ்ந்து, அந்தத் தண்ணீரிலும் சிரித்துக்கொண்டே எழுவார்கள். ரோட்வைல் காலையையும் இதையும் ஒரே நாளில் பார்க்க ஒரு வருடம் முயன்றேன். அடைபட்ட சாலைகளில் சுற்றிச் சுற்றி இரண்டையுமே பாதி பாதியாகத்தான் பார்த்தேன். அடுத்த முறை ஞாயிறு எல்ட்சாக், திங்கள் முழுக்க ஷ்ராம்பெர்க், செவ்வாய் காலை ரோட்வைல். அன்றும் 8 மணிக்கு அவர்கள் அந்த வாயிலிலிருந்து இறங்குவார்கள்.