ஐந்து ரோட்டு லேசர் கடையில் ஒரு மர லாரி: வெட்டுக்கு முழு மார்க், பலகைக்குப் பாதி

சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு மாடியில் இருக்கும் சின்னக் கடை. முன்னால் அக்ரிலிக் பெயர்ப்பலகை, உள்ளே கட்டுக்கட்டாகக் கல்யாணப் பத்திரிகை. பொம்மை வெட்டுவது அவர்களுக்கு ஓரத்து வேலைதான். ஆனாலும் 3 மி.மீ. ப்ளைவுட்டில் ஆறு சக்கர லாரி ஒன்றை வெட்டக் கொடுத்தால் மெஷின் ஏமாற்றவில்லை. 80 வாட் கார்பன் டை ஆக்சைடு லேசர் குழாய், நொடிக்கு 20 மி.மீ. வேகம், ஒரே ஓட்டத்தில் துண்டு கழன்று விழுகிறது. காற்றுக் குழாய் நன்றாக ஊதுவதால் ஓரம் காப்பிக்கொட்டை நிறத்தோடு நிற்கிறது, கரியாவதில்லை.

சொதப்புவது பலகை. கடையில் இருப்பது ‘3 எம்எம்’ என்று பெயர் போட்ட ப்ளைவுட். வெர்னியர் அளவுகோல் வைத்தால் ஒரு மூலையில் 2.7, இன்னொரு மூலையில் 2.9. நாக்கும் (துண்டின் நீட்டிய முனை) காடியும் (அது நுழையும் வெட்டு) கோத்து நிற்கும் வண்டிக்கு இந்த 0.2 போதும், ஒரு பக்கம் தொளதொள, மறுபக்கம் சுத்தியல் கேட்கும். வாட்டர்ப்ரூஃப் ப்ளைவுட் உசத்தி என்று நினைத்து வாங்கிப் போகாதீர்கள். அதன் கருப்புப் பசை லேசருக்கு எளிதில் வழிவிடாது, ஓரம் கரியாகும். ஈரத்தை ஓரளவு மட்டும் தாங்கும் சாதாரண எம்.ஆர். கிரேடு போதும். வாங்கும்போது பலகையைத் தரையில் படுக்க வைத்துப் பாருங்கள். நடுவில் 4 மி.மீ. தூக்கியிருந்தால் அந்த இடத்தில் ஃபோகஸ் தப்பும், வெட்டு அடிவரை இறங்காது. இறங்காத துண்டைக் கையால் நெம்பினால் மேல்தோல் கிழிந்து வரும். ஏற்காட்டில் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று: பனியில் கிடந்த ப்ளைவுட் உப்பும். மலையில் அளந்த கனத்தை நம்பாமல், வெட்டும் அன்று கடையிலேயே மறுபடி அளக்க வேண்டும்.

லேசர் வெட்டும்போது ஏறக்குறைய 0.15 மி.மீ. மரத்தைத் தின்றுவிடும். கடைக்காரர் இதற்காகக் கோட்டை நகர்த்தித் தருவதில்லை. நீங்கள் வரைந்து கொடுக்கும் ஃபைலில் இருக்கும் கோட்டின் மேலேயே கதிர் போகும். அதனால் பலகை 2.8 என்றால் காடியின் அகலத்தை 2.65 என்று வரைய வேண்டும். நீளத்தில் இரண்டு பக்கமும் சேர்ந்து ஏமாற்றும். 20 மி.மீ. நாக்கு 19.85 ஆகும், 20 மி.மீ. காடி 20.15 ஆகும், ஆக 0.3 ஆட்டம். நாக்கை 20.3 என்று வரைந்தால் சரியாகிவிடும். முழு வண்டிக்கு முன், அதே பலகையின் ஓரத்தில் 2.4 முதல் 2.9 வரை 0.1 ஏற்றத்தில் ஆறு காடி வெட்டிய சீப்பு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். பலகைத் துண்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் ‘டக்’கென்று இறங்கி, தலைகீழாகப் பிடித்தாலும் விழாமல் நிற்கும் காடி எதுவோ அதுதான் உங்கள் அளவு. ஒரு நிமிட வேலைகூட இல்லை, கடையில் முகம் சுளிக்காமல் செய்கிறார்கள்.

சங்ககிரி லாரி மாதிரி முன்னால் இரண்டு, பின்னால் நான்கு சக்கரம் என்றால் 40 மி.மீ. வட்டம் பன்னிரண்டு வேண்டும். இரண்டிரண்டாக ஒட்டினால் ஏறக்குறைய 6 மி.மீ. கனம் வரும். அச்சுக்கு 6 மி.மீ. உருண்டைக் குச்சி. சக்கரத்தின் துளையை 5.8 என்றும் சேஸிஸ் துளையை 6.4 என்றும் வரைந்தால், சக்கரம் குச்சியைக் கவ்விக்கொள்ளும், குச்சி சேஸிஸில் தாராளமாகச் சுழலும். இங்கேதான் கடையின் ஒரு கெட்ட பழக்கம். சும்மா விட்டால் வெளி வட்டத்தை முதலில் வெட்டிவிடுகிறார்கள். வெட்டுப்பட்ட வட்டம், பலகையைத் தாங்கும் தேன்கூட்டுத் தட்டில் அரை மில்லி நகர்கிறது, பிறகு விழும் துளை நடுவில் இருப்பதில்லை, வண்டி நொண்டி நொண்டி ஓடுகிறது. ‘உள் வெட்டு முதல்ல, வெளி வெட்டு கடைசில’ என்று சொல்லி, திரையில் வரிசையைக் காட்டச் சொல்லுங்கள்.

ஃபைலை டிஎக்ஸ்எஃப் என்ற வரைபட வடிவத்தில், மில்லிமீட்டரில் கொடுங்கள். ஒரே கோடு இரண்டு முறை படிந்திருந்தால் லேசரும் இரண்டு முறை ஓடும், ஓரமும் கருகும், கூலியும் கூடும். நெற்றியில் ‘முனியப்பன் துணை’ போடுவதானால் எழுத்தை வளைகோடாக மாற்றிக் கொண்டுபோக வேண்டும். கடைக் கம்ப்யூட்டரில் இருக்கும் பழைய கோரல்டிரா என்ற வரையும் மென்பொருள் யூனிகோடு தமிழைக் குதறிவிடும். எழுத்தை ஊடுருவ வெட்டினால் ‘ண’வின் சுழிக்குள் இருக்கும் துண்டு கீழே விழுந்துவிடும், அதற்கு ஒரு மில்லி பாலம் விட வேண்டும். செதுக்குவது பார்க்க அழகு, ஆனால் கூலி நிமிடக் கணக்கு. பக்கப்பலகை முழுவதும் கோலம் செதுக்கினால் வண்டி வெட்டும் கூலியைவிட அது அதிகமாகிவிடும். வெறும் கோடாக இழுக்கச் சொன்னால் கால்வாசி நேரம்கூட ஆகாது.

இந்த அளவு லாரிக்கு இரண்டடிக்கு ஓரடிப் பலகை தாராளம். இரண்டு முகத்திலும் பேப்பர் டேப் ஒட்டிக் கொடுத்தால் புகைக்கறை படியாது. அவர்கள் தாங்களாக ஒட்டுவதில்லை, கேட்டால் மேல்முகத்துக்கு மட்டும் ஒட்டுகிறார்கள். ஓரத்துக் கரியை 220 நம்பர் உப்புத்தாளால் தேய்த்த பிறகே பசை வையுங்கள், கரியின் மேல் ஃபெவிகால் பிடிக்காது. மேலே அரக்குப் பாலிஷ் இரண்டு கை. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு என்றால் ஹெட்லைட்டைத் தனி வட்டமாக வெட்டி ஒட்ட வேண்டாம், செதுக்கிவிடுங்கள். 31.7 மி.மீ. விட்டமுள்ள சோதனை உருளைக்குள் அடங்கும் எந்தத் துண்டும் தொண்டையில் சிக்கக்கூடியது என்பதுதான் பொம்மைகளுக்கான சோதனைக் கணக்கு. விற்பதாக இருந்தால் 2021 ஜனவரியிலிருந்து ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். கடையில் அதைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள்.

முகூர்த்த மாதங்களில் போனால் பத்திரிகை வேலைக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டியதுதான். அக்ரிலிக் வெட்டிய கையோடு உங்கள் பலகையை ஏற்றினால் லென்ஸில் படிந்த பிசுக்கால் வெட்டு பாதியில் நிற்கும், துடைத்துவிட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் மெஷின் சும்மா கிடக்கிறது. அப்போது போனால் சோதனைச் சீப்புக்குக் காசுகூடக் கேட்பதில்லை.