ரெய்டு நிலை மாற்றம்: எம்டி ரெய்டா, பிடிஆர்எஃப்எஸ்ஸா, இசட்எஃப்எஸ்ஸா?

பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து டேட்டாவை வைக்கும் முறைதான் ரெய்டு; எப்படி வைப்பது என்பதை 0, 1, 5, 6, 10 என்ற நிலைகள் சொல்கின்றன. எம்டி லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கும் ரெய்டு; பிடிஆர்எஃப்எஸ்ஸும் இசட்எஃப்எஸ்ஸும் ரெய்டையும் தாமே செய்யும் ஃபைல் சிஸ்டங்கள். டேட்டா உள்ளே இருக்கும்போதே ரெய்டு நிலையை மாற்ற முடியுமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது வேறு: மாற்றம் பாதியில் இருக்கும்போது கரண்ட் போனால் என்ன ஆகும்?

லினக்ஸ் கெர்னலின் எம்டி ரெய்டில் ஆகச் சுலபமானது 1-லிருந்து (மிரர், அதாவது எல்லா டிஸ்க்கிலும் ஒரே பிரதி) 5 (ஒரு டிஸ்க் அளவு பாரிட்டி, அதாவது ஒரு டிஸ்க் போனாலும் டேட்டாவை மீட்க உதவும் கணக்கு). இரண்டே டிஸ்க் உள்ள ரெய்டு 5-இல் ஒரு பிளாக்கின் பாரிட்டி அதே பிளாக்தான். ஆகவே மிரரும் அதுவும் டிஸ்க்கில் ஒரே மாதிரிதான் இருக்கும். நிலை மாற்றம் நொடியில் முடிந்துவிடும். மூன்றாவது டிஸ்க்கைச் சேர்க்கும்போதுதான் டேட்டாவை எல்லா டிஸ்க்கிலும் மறுபடி பரப்பும் ரீஷேப் என்ற நீண்ட வேலை தொடங்கும். அது முடிந்தபின் ஃபைல் சிஸ்டத்தைத் தனியே பெரிதாக்க வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.

5-லிருந்து 6 (இரண்டு பாரிட்டி) அவ்வளவு எளிதல்ல. ஒரு டிஸ்க் கூடினாலும் கொள்ளளவு கூடாது. ஒவ்வொரு ஸ்டிரைப்பும் (டிஸ்க்குகளின் குறுக்கே பரவிய ஒரு வரிசை டேட்டா) இருந்த இடத்திலேயே திரும்ப எழுதப்படுவதால், நடுவில் நின்றால் அந்த ஸ்டிரைப் பாழ். அதற்காகத்தான் எம்டி பேக்கப் ஃபைல் கேட்கிறது. அந்த ஃபைலை அதே அரேயில் (ரெய்டாகச் சேர்ந்த டிஸ்க் தொகுப்பில்) வைக்கவே கூடாது. ரீபூட்டில் அழிந்துபோகும் தற்காலிக ஃபோல்டரும் ஆகாது. இந்தத் தொல்லை வேண்டாமென்றால் லேஅவுட்டை (டேட்டாவும் பாரிட்டியும் டிஸ்க்குகளில் அமையும் விதத்தை) 'பிரிசர்வ்' என்று கொடுக்கலாம். பழைய ஸ்டிரைப்புகளைத் தொடாமல், இரண்டாவது பாரிட்டியை மட்டும் புதிய டிஸ்க்கில் எழுதும். இனி எதை எழுதினாலும் அந்த டிஸ்க்கும் சேர்ந்து உழைக்க வேண்டும் என்பது குறைதான். ஆனாலும் நான் இதையே தேர்ந்தெடுப்பேன்.

10-லிருந்து (பிரதியும் எடுத்து, பிரித்தும் வைப்பது) 5-க்கு நேர்வழி இல்லை. ரெய்டு 0 (பிரதியோ பாரிட்டியோ இல்லாமல் பிரித்து மட்டும் வைப்பது) வழியாகச் சுற்றிப் போகலாம். ஆனால் நடுவில் ஒரு டிஸ்க் போனால் எல்லாமே போய்விடும். பேக்கப் எடுத்து, புதிதாகக் கட்டி, திரும்ப ஏற்றுங்கள்.

பிடிஆர்எஃப்எஸ் இதில் தாராளமானது. பேலன்ஸ் கட்டளை, மவுன்ட் ஆன நிலையிலேயே துண்டு துண்டாக மாற்றுகிறது, நிறுத்தலாம், தொடரலாம். புதிய பிரதியை வேறிடத்தில் எழுதி முடித்த பிறகே பழையதை விடுவதால் கரண்ட் போனாலும் டேட்டா தப்பும். காலி இடம் மட்டும் போதிய அளவு வேண்டும். டேட்டாவுக்கு ஒரு நிலை, மெட்டாடேட்டாவுக்கு (ஃபைல்களைப் பற்றிய விவரங்களுக்கு) வேறு நிலை என்றும் வைக்கலாம். ஆனால் 5, 6 பக்கம் போகாதீர்கள்: ரைட் ஹோல் சிக்கல் (எழுதும் நடுவில் கரண்ட் போனால் டேட்டாவும் பாரிட்டியும் பொருந்தாமல் போவது) காரணமாக, முக்கியமான வேலைக்கு வேண்டாம் என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது.

இசட்எஃப்எஸ் வளைந்து கொடுக்காது. ஒற்றை டிஸ்க்கை மிரர் ஆக்கலாம். ரெய்டு-இசட் (இசட்எஃப்எஸ்ஸின் பாரிட்டி ரெய்டு) 1-ஐ, அதாவது ஒரு பாரிட்டியை, 2 ஆக்க முடியாது. 2025-இல் வந்த ஓப்பன் இசட்எஃப்எஸ் 2.3-இல் ரெய்டு-இசட்டுக்கு டிஸ்க் சேர்க்கலாம் என்றாலும் பாரிட்டி எண்ணிக்கை மாறாது. பழைய டேட்டாவும் திரும்ப எழுதப்படும்வரை பழைய விகிதத்திலேயே கிடக்கும்.

மிரர் போதுமென்றால் பிடிஆர்எஃப்எஸ். டிஸ்க்கை ஒவ்வொன்றாகச் சேர்த்து 5, 6-க்குப் போகும் எண்ணமிருந்தால் எம்டி. எத்தனை டிஸ்க், எத்தனை பாரிட்டி என்று முதல் நாளே முடிவாகிவிட்டால் இசட்எஃப்எஸ். எம்டியில் மாற்றத்தைத் தொடங்குமுன் அரே முழுவதையும் படித்துச் சோதிக்கும் 'செக்' வேலையை ஒருமுறை ஓட்டிவிடுங்கள். ரீஷேப் எல்லா டிஸ்க்கையும் முழுக்கப் படிக்கும். கெட்ட செக்டர் இருந்தால் அதற்கு முன்பே தெரிந்தாக வேண்டும்.