புராஸ்டேட் அறுவைக்குப் பின் நிற்காத ரத்தம்: எம்போலைசேஷன் எவ்வளவு கைகொடுக்கிறது?

புராஸ்டேட் (ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) அறுவை முடிந்த கையோடு சிறுநீர் சிவந்து வருவது எதிர்பார்த்ததுதான். 22 அல்லது 24 பிரெஞ்ச் (குழாய்த் தடிமனின் அலகு) அளவுள்ள மூன்று வழி ஃபோலி கதீட்டரை, அதாவது சிறுநீர்ப்பைக்குள் விடும் குழாயைப் போட்டு, நார்மல் சலைனை (உப்புநீரை) விடாமல் ஓடவிட்டால் பெரும்பாலானவர்களுக்கு அடங்கிவிடும். அடங்காவிட்டால் எண்டோஸ்கோப்பை விட்டு, கசியும் இடத்தைச் சுட்டு அடைப்பார்கள். அதன் பிறகும் ஒழுகினால், அல்லது பல நாள் கழித்துத் திடீரென்று பீறிட்டால், தமனி வழியாகவே போய் அடைக்கும் எம்போலைசேஷனை முழு மனதோடு பரிந்துரைக்கலாம். திறந்த அறுவையும் பொது மயக்கமும் பெரும்பாலும் தேவைப்படாது. இதயம் பலவீனமான முதியவருக்கு இது பெரிய விஷயம்.

தொடையிலோ மணிக்கட்டிலோ மரத்துப்போக ஊசி போட்டுத் தமனிக்குள் நுழைகிறார்கள். கடினமான கட்டம் அதற்கப்புறம்தான். புராஸ்டேட் தமனி ஏறக்குறைய 1 முதல் 2 மில்லிமீட்டர் தடிமன்தான். அது கிளம்பும் இடமோ ஆளுக்கு ஆள் மாறும், ஒரே ஆளுக்கு இடமும் வலமும்கூட மாறும். மைக்ரோகதீட்டர் எனும் மிக நுண்ணிய குழாய் சரியான கிளைக்குள் நிற்கிறதா என்பதைக் கோன் பீம் சிடி (சிகிச்சை மேசையிலேயே எடுக்கும் முப்பரிமாண ஸ்கேன்) எடுத்துப் பார்த்துவிட்டே அடைக்கும் துகளைச் செலுத்த வேண்டும். இந்த வசதி இல்லாத இடத்தை நாங்கள் இரண்டாம் தேர்வாகத்தான் வைப்போம். துகள் தவறிப்போனால் மலக்குடல், சிறுநீர்ப்பை, ஆணுறுப்பு எதிலும் புண் வரலாம்.

எதைக் கொண்டு அடைக்கிறார்கள் என்பதில்தான் பலன் இருக்கிறது. பரவலான கசிவுக்கு 300 முதல் 500 மைக்ரான் மைக்ரோஸ்ஃபியர் (நுண்ணிய உருண்டைத் துகள்) பொருத்தம். அதைவிடப் பொடியானவை இணைப்புக் குழாய்கள் வழியே பக்கத்து உறுப்புக்கு நழுவிவிடும். தமனிச் சுவர் கிழிந்து புடைத்திருந்தால் காயிலோ (சிறு உலோகச் சுருள்) மருத்துவப் பசையோ வேண்டும். பசை, சலைன் பட்டாலே உறைந்துவிடும். அதனால் கதீட்டரை முதலில் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரை) கரைசலால் கழுவுவார்கள். ஜெலட்டின் ஸ்பாஞ்ச் சில வாரங்களில் கரைந்துவிடும் என்றாலும், ரத்த அழுத்தம் சரிந்துகொண்டிருக்கும் நோயாளிக்கு அதுவே வேகமான வழி. காயிலைத் தமனியின் தொடக்கத்திலேயே வைத்து முடித்துவிடுவதை நாங்கள் ஏற்பதில்லை. வேறு கிளைகள் வழியே ரத்தம் அங்கே மறுபடி வந்து சேரும். திரும்ப உள்ளே போகும் பாதையும் அடைபட்டிருக்கும்.

குறைகளும் உண்டு. சிரையிலிருந்து வரும் ரத்தத்தை இது நேரடியாக நிறுத்தாது. சிறுநீர்ப்பையில் தங்கிய ரத்தக்கட்டிகளையும் இது அகற்றாது. 50 மில்லி சிரிஞ்சால் இழுத்தோ ஸ்கோப் வழியாகவோ வெளியேற்றியாக வேண்டும். ரத்தக்கட்டி அடைத்த சிறுநீர்ப்பை சுருங்க முடியாமல் ஒழுகிக்கொண்டே இருக்கும். தமனி படத்தில் தெரியச் செலுத்தும் கான்ட்ராஸ்ட் மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்பதால் முன்னும் பின்னும் கிரியேட்டினின் (சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்ப்பது அவசியம். ஆஞ்சியோகிராமில் (தமனிகளின் எக்ஸ்ரே படத்தில்) கசிவு தெரியவில்லை என்பதாலேயே ரத்தம் தமனியிலிருந்து வரவில்லை என்று முடிவுகட்டவும் கூடாது. விட்டுவிட்டு ஒழுகும் தமனி அந்த நேரத்தில் சும்மா இருக்கும்.

பிறகு சில நாள் எரிச்சலும் அடிக்கடி சிறுநீர் முட்டுவதும் இருக்கும். சலைனை நிறுத்திய பின்னும் சிறுநீர் தெளிவாக வந்தால்தான் கதீட்டரை எடுக்கலாம்.