இடைமுக இழுவிசை: பெருக்கல் சராசரியா, இசைச் சராசரியா?

பாலிமருக்கும் திரவத்துக்கும் இடையிலான இடைமுக இழுவிசையை, அதாவது இரண்டும் தொடும் எல்லையில் உள்ள இழுவிசையை, முன்கணிக்க, ஓவன்ஸ்–வென்ட் முறை (1969) பெருக்கல் சராசரியையும் (√ab) வூ முறை (1971) இசைச் சராசரியையும் (2ab/(a+b)) கையாளுகின்றன. பரப்பு இழுவிசையைச் சிதறல் கூறு (எல்லா மூலக்கூறுகளுக்கும் பொதுவான ஈர்ப்பு), முனைவுக் கூறு (மின்முனைவுள்ள மூலக்கூறுகளுக்கு இடையிலான ஈர்ப்பு) எனப் பிரித்துக்கொண்டு, இரு பரப்பு இழுவிசைகளின் கூட்டுத்தொகையிலிருந்து ஒவ்வொரு கூறின் சராசரியையும் இரு மடங்காகக் கழிப்பது இரண்டுக்கும் பொது. பரப்பு இழுவிசை முனைவற்ற பாலிஎத்திலீனுக்கு 33, நீருக்கு 72.8 மில்லிநியூட்டன்/மீட்டர் (அதில் சிதறல் கூறு 21.8) எனக் கொண்டால், முதல் முறை 52.2 என்றும் இரண்டாவது 53.3 என்றும் தருவதால், எதைத் தேர்ந்தாலும் பெரிய வேறுபாடில்லை. ஆனால் பாலிமரின் முனைவுக் கூறு 5 ஆகவும் நீருடையது 51 ஆகவும் இருக்கும்போது, கூட்டுத்தொகையிலிருந்து கழிக்கவேண்டிய முனைவுப் பங்கு முதலாவதில் 31.9, இரண்டாவதில் 18.2 என வெகுவாக விலகிவிடுகிறது; தேர்வு உண்மையில் முக்கியமாவது இங்கேதான். தொடுகோணத் தரவுகளை (துளி திண்மப் பரப்பைத் தொடும் கோணங்களை) நேர்கோடாக வரைய ஓவன்ஸ்–வென்ட் எளிது. உருகிய பாலிமர்களுக்கு வூ முறையையே நான் விரும்புவேன். ஹைட்ரஜன் பிணைப்பு வலுவாக உள்ள இணைகளில், நேரடி அளவீட்டோடு ஒப்பிடாமல் இரண்டில் எதையும் ஏற்கலாகாது.